சாயம் வெளுத்த கம்பளங்கள்

முதல் உலகப் போர் முடிந்து அமெரிக்காவில் பணம் புரண்ட காலம். ஈரானிலிருந்து நியூயார்க்கில் வந்து இறங்கிய கம்பளங்களில் பல நேராகக் கடைக்குப் போகவில்லை. முதலில் சலவைப் பட்டறைக்குப் போயின. அங்கே குளோரின் கலந்த தண்ணீரில் போட்டு அலசினார்கள். கம்பளி பட்டுப்போல மினுங்கத் தொடங்கியது, ஆனால் அந்த அலசலில் சிவப்பு வெளுத்துவிட்டது. அப்புறம் ஆட்கள் தூரிகையும் சாயக் கிண்ணமுமாகக் கம்பளத்தின் மேல் உட்கார்ந்து, பூக்களை விட்டுவிட்டுப் பின்னணியை மட்டும் திராட்சை ரச நிறத்தில் தீட்டினார்கள். அமெரிக்க வீட்டு வரவேற்பறையின் கனத்த மர நாற்காலிகளுக்கு அந்த அடர்சிவப்புதான் எடுப்பாக இருந்தது.

ஈரானின் அராக் நகரை ஒட்டிய சாரூக் என்ற ஊரின் பெயரில் விற்ற கம்பளங்கள் இவை. 'தீட்டிய சாரூக்' என்றே வியாபாரிகள் இன்றும் இவற்றைச் சொல்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், இன்று இவற்றை வாங்குபவர்களில் பலர் காசு செலவழித்து அந்தப் பூச்சைக் கரைத்து எடுக்கிறார்கள். இப்போதைய ரசனைக்கு அடியில் இருக்கும் பழைய இளஞ்சிவப்புதான் பிடிக்கிறது.

எது தீட்டியது, எது தீட்டாதது என்று கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. கம்பளத்தைப் புரட்டிப் பார்த்தால் போதும். தூரிகை முன்பக்கத்துக்குத்தான் எட்டும். பின்பக்கத்தில் நெய்தவள் போட்ட நிறம் அப்படியே இருக்கும். கம்பளங்களின் வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பின்பக்கம்தான் ஞாபகம் வருகிறது. 'பாரம்பரிய நிறம்', 'பாரம்பரிய வடிவம்' என்று நாம் சொல்வதில் பாதி, ஏதோ ஒரு காலத்தில் ஏதோ ஓர் ஊர் வாங்குபவர் கேட்டது.

*

பின்பக்கம் ஏன் இத்தனை தெளிவாக இருக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். நமக்குப் பழக்கமான பவானி ஜமக்காளத்தில் நீளவாக்கில் ஓடும் பாவு மறைந்து, குறுக்கே ஓடும் ஊடை நூல்தான் பட்டை பட்டையாக நிறம் காட்டும். ரத்தினக் கம்பளம் என்று நாம் சொல்லும் வகை அப்படியில்லை. இரண்டு பாவு நூல்களைச் சுற்றி ஒரு துண்டுக் கம்பளி நூலை முடிந்து, நுனியை வெட்டிவிட்டு, அடுத்த முடிச்சுக்குப் போக வேண்டும். ஒரு வரிசை முடிந்ததும் ஊடையை ஓட்டி, கனமான சீப்பால் அடித்து இறுக்குவார்கள். நாம் மிதிப்பது வெட்டிய நுனிகளை. முடிச்சு பின்னால் இருக்கிறது. ஒவ்வொரு முடிச்சும் ஒரு நிறப்புள்ளி. அதனால்தான் கிராமத்தில் ஒரு பெண் இன்னொரு கம்பளத்தைப் பார்த்து நெய்யும்போது அதன் முதுகைப் பார்த்துத்தான் முடிச்சுகளை எண்ணுவாள்.

இந்த வித்தை எவ்வளவு பழையது? சைபீரியாவின் அல்தாய் மலையில் பாசிரிக் என்ற இடத்தில் 1949இல் ருடென்கோ என்ற ரஷ்யத் தொல்லியலாளர் ஒரு பழங்காலச் சமாதியைத் தோண்டினார். உள்ளே தண்ணீர் புகுந்து உறைந்திருந்தது. அந்தப் பனிக்கட்டிக்குள் கிட்டத்தட்ட முழுசாக ஒரு கம்பளம்: ஏறக்குறைய 2 மீட்டர் சதுரம், 12 லட்சத்துக்கும் மேல் முடிச்சுகள், குதிரை வீரர்கள், மான்கள். வயது ஏறக்குறைய 2,300 ஆண்டுகள். இப்போது செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் சிவப்பு இன்னும் சிவப்பாகவே இருக்கிறது. ஜெர்மன் ஆய்வாளர்கள் 2021இல் எக்ஸ்ரே நுண்ணோக்கி வைத்துப் பார்த்துக் காரணத்தைச் சொன்னார்கள்: சாயம் ஏற்றுவதற்கு முன் கம்பளியைப் புளிக்க வைத்திருக்கிறார்கள். புளித்த கம்பளி இழையின் செதில்கள் லேசாக விரியும். சாயம் மேலோடு நிற்காமல் உள்ளே வரை இறங்கும்.

பழைய கம்பளங்களின் சிவப்பு பெரும்பாலும் ஒரு வேரிலிருந்து வந்தது. நாட்டு மருந்துக் கடையில் மஞ்சிட்டி என்று கேட்டால் தருவார்களே, அதற்கு நெருங்கிய உறவுக்காரச் செடி. துருக்கியிலும் ஈரானிலும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கம்பளியைச் சிவக்க வைத்தது அந்த வேர்தான். செடியை நட்டு மூன்று வருடமாவது காத்திருந்து வேரைத் தோண்டி, காயவைத்து, இடிக்க வேண்டும். கம்பளியை முதலில் படிகாரத் தண்ணீரில் ஊறவைத்தால்தான் நிறம் பிடிக்கும். சோழமண்டலக் கரையில் நம் சாயக்காரர்கள் பருத்தித் துணிக்குப் பயன்படுத்திய சாயவேரிலும் (சித்த மருத்துவர்கள் இம்பூறல் என்பார்கள்) இருப்பது அதே அலிசரின் என்ற சிவப்புப் பொருள்தான். செடி வேறு, சரக்கு ஒன்று.

நீலத்துக்கு அவுரி. இது கொஞ்சம் பிடிவாதமான சாயம், தண்ணீரில் கரையாது. தொட்டியில் புளிக்கவைத்து, கரைய வைத்து, கம்பளியை முக்கி எடுத்தால் வெளியே வரும்போது பச்சை கலந்த மஞ்சளாக இருக்கும். காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாகும். தொட்டியைக் கெடாமல் பார்த்துக்கொள்ளத் தனித் திறமை வேண்டும் என்பதால், மற்ற நிறங்களை வீட்டிலேயே காய்ச்சிய நாடோடிப் பெண்கள்கூட நீலத்துக்கு மட்டும் நகரத்துச் சாயக்காரரிடம் கம்பளியைக் கொடுத்து வாங்கினார்கள். ஈரானின் பல ஊர்களில் அந்தச் சாயக்காரர்கள் யூதர்கள். மஞ்சளுக்கு இஸ்பரக் என்ற காட்டுப் பூ, மாதுளம் தோல், திராட்சை இலை. பச்சை என்று தனியாக ஒரு சாயம் கிடையாது. மஞ்சள் ஏற்றிய நூலை அவுரித் தொட்டியில் முக்கினால் பச்சை.

கருப்பு ஒரு தனிக்கதை. குழந்தைக்கு உரை மருந்து இழைக்கிற வீடுகளில் மாசிக்காயைப் பார்த்திருப்பீர்கள். மேற்காசியாவின் கருவாலி மரத்தில் பூச்சி முட்டையிட்ட இடத்தில் வீங்கி உருவாகும் காய் அது. அதன் துவர்ப்பை இரும்போடு சேர்த்தால் கருப்பு வரும். ஆனால் அந்த இரும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கம்பளியைத் தின்றுவிடும். பழைய கம்பளங்களைத் தடவிப் பார்த்தால் கருப்பும் கரும்பழுப்பும் உள்ள இடங்கள் பள்ளமாக, மற்றவை மேடாக இருக்கும். செதுக்கி வைத்த மாதிரி அழகாகத் தெரியும் அந்த மேடுபள்ளம் யாரும் திட்டமிட்டுச் செய்ததில்லை. மருந்து செய்த வேலை.

இப்படி வீட்டுக்கு வீடு, பானைக்குப் பானை காய்ச்சிய சாயம் ஒரே மாதிரி வராது. ஒரு நூல் தீர்ந்து அடுத்த தடவை சாயமிட்ட நூலை எடுக்கும்போது நீலம் ஒரு சாயல் மாறும். கம்பளத்தின் குறுக்கே பட்டை பட்டையாகத் தெரியும் இந்த ஏற்ற இறக்கத்துக்கு 'அப்ராஷ்' என்று பெயர். நகரத்துப் பட்டறைகளில் இதைக் குறை என்பார்கள். இன்றைய வியாபாரிகள் இதையே அழகு என்று சொல்லிக் கூடுதல் விலை வைக்கிறார்கள். வேண்டுமென்றே அப்ராஷ் விழும்படி சாயமிட்ட புதுக் கம்பளங்களும் சந்தையில் உண்டு.

*

பழைய கம்பளம் என்றதும் மங்கிய, மென்மையான நிறங்கள்தான் நம் மனதில் வருகின்றன. அது தப்பான பிம்பம் என்று நினைக்கிறேன். லண்டனின் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கும் அர்தபில் கம்பளத்தை எடுத்துக்கொள்வோம். ஈரானில் ஷேக் சஃபி என்ற சூஃபி ஞானியின் சமாதிக்காக நெய்தது. ஹிஜ்ரி 946, அதாவது 1539-40 என்று அதிலேயே நெய்திருக்கிறது. மக்சூத் காஷானி என்ற பெயரும் இருக்கிறது. சுமார் பத்தரை மீட்டர் நீளம், ஐந்து மீட்டருக்கு மேல் அகலம், ஏறக்குறைய 2.6 கோடி முடிச்சுகள். நிறங்கள் என்னவோ பத்துதான். 1893இல் 2,000 பவுண்டுக்கு வாங்கினார்கள். ஜோடியாக இருந்த இன்னொரு கம்பளத்தை வெட்டித்தான் இதைச் சீர்செய்திருக்கிறார்கள். மிச்சமிருந்த அந்த இன்னொன்று இப்போது லாஸ் ஏஞ்சலிஸில் இருக்கிறது. லண்டன் கம்பளத்தின் நிறம் போகாமல் இருக்க, அரை மணிக்கு ஒருமுறை பத்து நிமிடம் மட்டும்தான் விளக்குப் போடுகிறார்கள். பத்து நிறம் எவ்வளவு ஆழமாக இருக்க முடியும் என்பதை அந்தப் பத்து நிமிடத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதற்கு நேர்மாறான கதை, 17ஆம் நூற்றாண்டில் ஈரானில் பட்டிலும் ஜரிகையிலும் நெய்த ஒரு வகைக் கம்பளங்களுக்கு நடந்தது. 1878 பாரிஸ் கண்காட்சியில் ஒரு போலந்து இளவரசர் குடும்பம் தன்னிடமிருந்தவற்றைக் காட்சிக்கு வைத்தது. அவை போலந்தில் நெய்தவை என்று நினைத்துக்கொண்டு 'போலனேஸ்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். தப்பு தெரிந்த பிறகும் பெயர் போகவில்லை. வெளிர் ஆரஞ்சு, பாசிப்பச்சை, சந்தன நிறம் என்று அவற்றின் மென்மையைப் பலரும் ரசித்தார்கள். புரட்டிப் பார்த்தால் பின்பக்கத்தில் கண்ணைப் பறிக்கிற நிறங்கள். முன்பக்கம் வெறுமனே வெளுத்துப்போயிருந்தது. இருநூறு வருட வெயில் செய்த வேலையை நெய்தவரின் ரசனை என்று எடுத்துக்கொண்டார்கள்.

*

1856இல் 18 வயது வில்லியம் பெர்கின் லண்டனில் தன் வீட்டுச் சோதனைக்கூடத்தில் மலேரியாவுக்கான குவினைனைச் செயற்கையாகச் செய்யப் பார்த்தார். வந்தது ஊதாச் சாயம். மூன்று வருடத்துக்குள் பிரான்ஸில் ஃபுக்ஸின் என்ற மஜந்தா. 1868இல் கிரேபெ, லீபர்மான் என்ற இரண்டு ஜெர்மானியர்கள் வேர்ச் சிவப்பின் அலிசரினையே நிலக்கரித் தாரிலிருந்து செய்துகாட்டினார்கள். துருக்கியிலும் தெற்குப் பிரான்ஸிலும் அந்த வேரைப் பயிரிட்டவர்களின் பிழைப்பு சில வருடங்களில் முடிந்தது. 1897இல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் செயற்கை அவுரியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பீகாரிலும் நம் தென்னார்க்காடு, கடப்பைப் பக்கங்களிலும் அவுரி வயல்கள் என்ன ஆயின என்பது தெரிந்த கதை.

கம்பளம் நெய்பவர்களிடம் முதலில் போய்ச் சேர்ந்தது நல்ல சாயம் அல்ல, நிலக்கரித் தாரிலிருந்து செய்த ஆரம்பகால அனிலின் பொடிகள். தகர டப்பாவில் வந்தன. வெந்நீரில் கொட்டினால் போதும். படிகாரம் வேண்டாம், மூன்று வருடக் காத்திருப்பு வேண்டாம். நிறமோ பளீரென்று. ஆனால் ஃபுக்ஸின் சில ஆண்டு வெளிச்சத்தில் சாம்பலாகிவிடும். அந்தக் காலக் கம்பளம் ஒன்றில் சாம்பல் நிறமான இடத்தை விரலால் விலக்கி அடியைப் பார்த்தால், வெளிச்சம் படாத நூலடியில் கத்தரிப்பூ நிறம் இன்னும் கனன்றுகொண்டிருக்கும். வேறு சில சாயங்கள் தண்ணீர் பட்டதும் பக்கத்து வெள்ளையில் கசிந்துவிடும்.

ஈரானின் நாசருத்தீன் ஷா காலத்தில் அனிலின் சாய இறக்குமதிக்குத் தடை வந்தது. அந்தச் சாயத்தைத் தொட்ட சாயக்காரரின் கையை வெட்டினார்கள் என்று கம்பள வியாபாரத்தில் ஒரு கதை உண்டு. கதை என்றே வைத்துக்கொள்ளலாம். தடைக்கு அப்புறமும் சாயம் உள்ளே வந்துகொண்டுதான் இருந்தது. 'நெய்பவர்கள் பேராசையில் கெடுத்துவிட்டார்கள்' என்று ஐரோப்பிய ரசிகர்கள் எழுதியதை இன்றும் பலர் திருப்பிச் சொல்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. மலையில் ஆடு மேய்க்கும் குடும்பத்துப் பெண்ணுக்கு ஆயுளில் முதல்முறையாக ஆரஞ்சும் ரோஜாவும் அரைமணி நேரத்தில் கிடைக்கின்றன. அவள் ஏன் வேண்டாம் என்பாள்? அது மங்கும் என்று டப்பாவில் எழுதியிருக்கவில்லை. நம் வீட்டுப் பாட்டிகள் மண்பானையை விட்டு எவர்சில்வருக்கு மாறியபோது அவர்களுக்கு இருந்த சந்தோஷத்தை நினைத்துப் பார்த்தால் இது புரியும்.

1920, 30களுக்கு மேல் குரோம் சாயங்கள் வந்தன. வெயிலுக்கும் தண்ணீருக்கும் அசையாதவை. சாயம் போகும் பிரச்சினை பெரும்பாலும் அதோடு தீர்ந்தது. ஆனால் பத்து நிறம் இருந்த இடத்தில் இப்போது நூறு நிறம்.

*

வடிவத்தை மாற்றியதில் சாயத்தைவிட, கம்பளம் விரிக்கும் அறைக்குப் பங்கு அதிகம். பழைய ஈரானிய வீட்டுக் கூடத்தில் நான்கு கம்பளங்களைச் சேர்த்து விரிப்பார்கள். நடுவில் நீளமாக ஒன்று, அதன் இரு பக்கமும் ஒடுக்கமான இரண்டு, தலைமாட்டில் குறுக்கே ஒன்று. பெரியவர்கள் தலைமாட்டில், மற்றவர்கள் பக்கவாட்டில், சுவரோரமாகத் தரையில் உட்காருவார்கள். நடுக் கம்பளத்தை அதிகம் மிதிப்பதில்லை, அது பார்ப்பதற்கு. ஐரோப்பிய, அமெரிக்க வீடுகளுக்கு இந்த ஏற்பாடு பொருந்தவில்லை. அவர்களுக்கு 9 அடிக்கு 12 அடியில் ஒரே கம்பளம் வேண்டும், அதன்மேல் மேசை நாற்காலி போட வேண்டும்.

மான்செஸ்டரைச் சேர்ந்த ஜீக்லர் கம்பெனி 1883இல் சுல்தானாபாத்தில், அதாவது இன்றைய அராக்கில், கிளை திறந்து இதைத்தான் செய்தது. சுற்றுக் கிராமங்களின் தறிகளுக்கு நூலும் சாயமும் வடிவமும் கொடுத்து, முன்பணம் கொடுத்து நெய்யச் சொன்னது. நெருக்கமான சின்னப் பூக்கள் பெரிதாகி, இடைவெளி விட்டு, நிறங்கள் தணிந்தன. லண்டன் வரவேற்பறையில் சோபாவோடு சண்டை போடாத கம்பளம். இன்று ஏலத்தில் 'அசல் பாரசீகப் பாரம்பரியம்' என்று பெரும் விலைக்குப் போவது இந்த ஏற்றுமதிச் சரக்குதான். இதே வட்டாரத்தில்தான் ஒரு தலைமுறை கழித்து, ஆரம்பத்தில் சொன்ன சாரூக்குகளும் நெய்யப்பட்டன, அமெரிக்கர்கள் கேட்ட பூங்கொத்துகளோடு. 1929 பொருளாதாரச் சரிவில் அந்தச் சந்தை படுத்தது.

மத்திய ஆசியாவின் துர்க்மேனியர் நெய்த சிவப்புக் கம்பளங்களும் இதற்குத் தப்பவில்லை. வரிசை வரிசையாக எண்கோண வடிவங்கள், அதற்கு 'குல்' என்று பெயர். தெக்கே, யோமுத், சலோர் என்று குலத்துக்கு ஒரு குல் (தமிழில் இந்தச் சிலேடை தானாகவே வந்து உட்காருகிறது). இன்று துர்க்மேனிஸ்தானின் தேசியக் கொடியிலேயே ஐந்து குல்கள் இருக்கின்றன. ஆனால் உலகம் இவற்றை 'புகாரா' என்றுதான் அழைத்தது, விற்ற சந்தை அந்த நகரில் இருந்ததால். அதே குல்லைப் பாகிஸ்தானில் ரோஜா, பச்சை, சாம்பல் என்று கேட்ட நிறத்தில் நெய்து புகாரா என்றே விற்றார்கள். 1960, 70களில் ஐரோப்பியர்களுக்குத் திடீரென்று சிவப்பு சலித்து, பொன்னிறம் பிடித்தது. ஆப்கானிஸ்தானில் நெய்த சிவப்புக் கம்பளங்களை ரசாயனத்தில் வெளுத்துப் 'பொன் ஆப்கான்' ஆக்கினார்கள். கம்பளத்தின் ஆயுள் அதோடு குறைந்தது.

ஆப்கானிஸ்தானில் வாங்குபவர் கேட்காமலும் ஒரு மாற்றம் வந்தது. 1979 டிசம்பரில் சோவியத் படைகள் நுழைந்தன. சில ஆண்டுகளில் பலூச் பெண்கள் நெய்த கம்பளங்களில் பூவிருந்த இடத்தில் ஹெலிகாப்டர், கரையில் கையெறி குண்டு, நடுவில் கலாஷ்னிகோவ் துப்பாக்கி. சிலவற்றில் ஹெலிகாப்டரைப் பழைய பறவை உருவத்திலிருந்து பிரித்துப் பார்ப்பதே கஷ்டம். தெரிந்த முடிச்சுக் கணக்குக்குள் புதிய பொருளை உட்கார வைத்திருக்கிறார்கள். ஆனால் இதுவும் நெடுநாள் நெய்தவர் கையில் இல்லை. வெளிநாட்டுப் பத்திரிகையாளர்களும் உதவிப் பணியாளர்களும் ஆர்வமாக வாங்க ஆரம்பித்ததும் 'போர்க் கம்பளம்' ஒரு சரக்கு வகையாகிவிட்டது. 2001க்குப் பிறகு அமெரிக்கர்களுக்காக இரட்டைக் கோபுரங்களையும் நெய்தார்கள்.

*

பழைய நிறத்தைத் திரும்பக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ஹரால்ட் பேமர், இஸ்தான்புல்லில் வேதியியல் ஆசிரியராக இருந்த ஜெர்மானியர். பழைய கம்பள நூல்களைக் குரோமட்டோகிராபி முறையில் பிரித்துப் பார்த்து, எந்தச் செடியிலிருந்து எந்த நிறம் வந்தது என்று பட்டியலிட்டார். வேர்ச் சிவப்பில் அலிசரின் மட்டும் இல்லை, அதோடு பல துணை நிறங்களும் கலந்திருக்கின்றன. அதனால்தான் வேரில் தோய்த்த சிவப்பு பக்கத்திலிருக்கும் நீலத்தோடு இழைகிறது. ஆலையில் வந்த சுத்தமான சிவப்பு தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கிறது. 1981இல் மர்மரா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து மேற்குத் துருக்கியின் அய்வஜிக் கிராமங்களில் டோபாக் என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். அடுத்து யுந்த்தா மலைக் கிராமங்கள். பெண்கள் கூட்டுறவுச் சங்கம் வைத்து, மறந்துபோன சாயக் காய்ச்சலைத் திரும்பக் கற்று, அவரவர் ஊர் வடிவங்களையே நெய்தார்கள். செய்முறையைப் பாட்டிகளிடம் கேட்டிருக்கலாமே என்றால், மூன்று தலைமுறை பொடி டப்பாவில் போயிருந்தது. ஆய்வகம்தான் பாட்டியாக இருக்க வேண்டியிருந்தது.

டோபாக் சின்னத் திட்டம். அதன் யோசனை மட்டும் வெகுதூரம் போனது. பெஷாவர் பக்கம் ஆப்கான் அகதிகள் 1990களிலிருந்து செடிச் சாயத்தில் நெய்த கம்பளங்கள் 'சோபி' என்று உலகமெங்கும் விற்கின்றன. சோபி என்றால் மரத்தின் நிறம். அவற்றின் இன்னொரு வியாபாரப் பெயர் 'ஜீக்லர்'. மான்செஸ்டர் கம்பெனி லண்டன் வீடுகளுக்காகப் பெரிதாக்கிய அதே பூக்கள், வேர்ச் சாயத்தில், அகதிக் கையால். அராக்கில் இருந்து வரவில்லை, ஜீக்லரும் இல்லை. உத்தரப் பிரதேசத்தின் கம்பள ஊரான பதோகியிலும் ஜீக்லர் நெய்கிறார்கள்.

வேர்ச் சாயம் புதுசில் பளிச்சென்றுதான் இருக்கும். வாங்குபவர்கள் பழசு மாதிரி இருந்தால்தான் எடுக்கிறார்கள். அதனால் தறியிலிருந்து இறக்கியதும் சோபியை ரசாயனத்தில் அலசி, நிறத்தைத் தணித்துத்தான் அனுப்புகிறார்கள். பின்பக்கத்தைப் புரட்டினால் ஒரு சாயல் கூடுதலான சிவப்பு தெரியும்.